பூரண சுகம்

என் மகளை நான் அடித்திருக்கிறேன். செல்லமாக ஒரு தட்டு தட்டியதைச் சொல்லவில்லை. ஒரு அடி நீள மர ஸ்கேலால், உள்ளங்கையில், முட்டியில், கோபம் தலைக்கேறிய நாட்களில் முதுகிலும் அடித்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐயோ பாவம் என்று என்னை நினைத்துக்கொண்டு யாரும் மேலே படிக்க வேண்டாம்.

நான் பள்ளிக்கூட டீச்சர். பிறந்தது சாயர்புரம். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு வாத்தியாராவது இருப்பார், சில வீட்டில் இரண்டு பேர். படிப்பு வராத பிள்ளை என்று உலகத்தில் ஒன்று கிடையாது, படிக்க மாட்டேன் என்கிற பிள்ளைதான் உண்டு என்று நம்பி வளர்ந்தவள். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைமேலும் நான் விரல் வைத்ததில்லை. வீட்டுக்குள் சட்டம் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடி ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற வேலை. இருபது டன் கண்டெய்னரைச் சத்தம் கேட்காமல் இறக்கி வைக்கிற மனுஷன். கல்யாணமான புதிதில் நான் வீசிய டம்ளர் அவர் காதை உரசிக்கொண்டு போனபோதுகூட, குனிந்து அதை எடுத்துக் கழுவி வைத்தார். அந்தப் பொறுமையைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரம். அவள் கையிலிருந்து பால் டம்ளர் விழுந்தது. திட்டிக்கொண்டே இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். அதுவும் விழுந்தது. கன்னத்தில் ஒன்று வைத்தேன். அவள் என்னைப் பார்த்து வாயைக் கோணினாள். ஏதோ சொல்ல வந்து, நாக்கு புரளாமல் குழறினாள். எனக்குப் பழிப்புக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். இரண்டாவது அடியையும் வைத்தேன். அப்படியே வலது பக்கமாகச் சரிந்து, கொட்டிக் கிடந்த பாலிலேயே விழுந்தாள்.

ஆட்டோவில் பக்கத்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்சில் பாளையங்கோட்டை. ஸ்கேன் எடுத்த டாக்டர், மூளையின் இடது பக்கம் ரத்த ஓட்டம் நின்றிருக்கிறது, பக்கவாதம் என்றார். ஐந்து வயதுப் பிள்ளைக்கா என்று நான் அவரிடம் சண்டைக்கே போனேன். சின்னப் பிள்ளைகளுக்கும் வரும் என்றார். நாலு மாதத்துக்கு முன் அவளுக்குச் சின்னம்மை போட்டிருந்தது. அதன் விளைவாகச் சில பிள்ளைகளுக்கு மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்குவதுண்டு என்று விளக்கினார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. நான் வைத்த இரண்டு அடிதான் கண்ணுக்குள் நின்றது. நான்தான் என் பிள்ளையின் மண்டையை உடைத்துவிட்டேன் என்று உறுதியாக நம்பினேன். அதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. ஐசியு வாசலில் முழங்கால்போட்டு ஆண்டவரிடம் பேரம் பேசினேன். இவளை மிச்சம் மீதி இல்லாமல் பூரணமாகச் சுகமாக்கும், சபை நடுவில் எழுந்து நின்று சாட்சி சொல்லுகிறேன் என்றேன்.

பிள்ளை பிழைத்தாள். மூன்றாவது வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. என் வீட்டுக்காரரின் அக்கா விளாத்திகுளத்திலிருந்து கட்டைப்பையில் இரண்டு உயிர்ப்புறாக்களோடு வந்து இறங்கினாள். வாதத்துக்குப் புறா ரத்தம்தான் மருந்தாம். நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் குளியலறையில் வைத்து இரண்டையும் அறுத்து, பிள்ளையின் வலது கையிலும் காலிலும் சூடு ஆறாமல் தேய்த்துவிட்டிருந்தாள். சுவரெல்லாம் ரத்தமும் இறகும். தலையில்லாத புறா ஒன்று வாளிக்குள் இன்னும் படபடத்துக்கொண்டிருந்தது. பிள்ளை அலறி அலறித் தொண்டை கட்டிப்போயிருந்தாள். அக்காவின் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். ஏழாவது மாதம் பிள்ளை ஓடியபோது அக்கா புறாவால்தான் என்றாள், பிசியோதெரபிக்காரர் பயிற்சியால்தான் என்றார், நான் ஜெபத்தால்தான் என்றேன்.

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை அசனப் பண்டிகை நடக்கும். ஆராதனை முடிந்ததும் சபையார் அத்தனை பேரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவோம். அதற்கு முன் மேடையில் சாட்சி சொல்லலாம். அந்த வருஷம் நான் ஏறினேன். பொட்டுக் குறையில்லாமல் பூரண சுகம் என்று மைக்கில் சொன்னேன். பிள்ளை மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிக் காட்டி, பைபிளிலிருந்து ஒரு சின்ன வசனமும் சொன்னாள். பந்தலே அழுதது. எங்கள் தலைமையாசிரியையும் அதே சபைதான். முன்வரிசையில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அடித்த கதையை நான் சொல்லவில்லை. பூரண சுகம் என்று ஆகிவிட்டால் அந்த இரண்டு அடியும் நடக்காத மாதிரிதானே என்று மனசுக்குள் ஒரு நிம்மதி. அதிலிருந்து ஒவ்வொரு பண்டிகைக்கும் அவளை மேடையேற்றி வசனம் சொல்லவைப்பது சபையில் வழக்கமாகிவிட்டது.

இரண்டாம் வகுப்பு வரை ஓடிவிட்டது. மூன்றாம் வகுப்பில் பிடித்தது சனியன். அவள் நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். ஒரு வரியை வாசிப்பாள், கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதல் சொல் போயிருக்கும். பையை உள்ளே வைத்துவிட்டுக் கை கழுவி வா என்றால் பையோடு போய்க் கை கழுவுவாள். ராத்திரி ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பிப்பாள், காலையில் ஏழு என்றாலே என்ன என்பதுபோல முழிப்பாள். நேற்றுத் தெரிந்தது இன்றைக்கு எப்படித் தெரியாமல் போகும்? மற்ற பிள்ளைகள் விளையாட்டில் சேர்ப்பதில்லை, விதி மாறினால் இவளுக்குப் பிடிபடாது. கோபம் வந்தால் கையில் இருப்பதை எறிவாள். ஒரு தடவை என் முன்கையைக் கடித்துச் சதையைப் பெயர்த்துவிட்டாள்.

என் புத்தி எப்படி வேலை செய்தது பாருங்கள். ஆண்டவர் பூரணமாகச் சுகம் கொடுத்தாகிவிட்டது. அதை நானே சபையில் சொல்லியாகிவிட்டது. சுகத்தில் குறை இல்லையென்றால் குறை பிள்ளையிடம்தான். சோம்பல், திமிர், அப்பன் கொடுக்கிற செல்லம். இதற்கு மருந்து என் கைப்பையில் இருக்கிறது. ஸ்கேலை எடுத்தேன்.

வலது கையை நீட்டு என்பேன், நீட்டுவாள். அடித்தால் அழ மாட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பார்வை எனக்குள் தீயை மூட்டும். எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று இன்னும் ஓங்கி வைப்பேன். உள்ளங்கை கன்றிச் சிவந்து தடித்துப்போகும், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. அப்போதுதான் முதுகுக்குப் போனேன். முதுகில் பட்டதும் கத்தினாள். சரி, வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இதை எழுதுகிற இந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று சில நாள் தோன்றும்.

ஒரு நாள் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து உள்ளே வந்தபோது நான் அடித்துக்கொண்டிருந்தேன். ஸ்கேலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தார். "ஏட்டி, பிள்ளய கொன்னுருவியா?" என்றார். நான் ஒடிந்த பாதியைப் பொறுக்கி அவர் மார்பில் எறிந்தேன். அது சட்டையைக் கிழித்துக் கீறிவிட்டது. முதன்முதலாக அவர் என்னை அறைந்தார். காது அடைத்துக்கொண்டது. பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதார். மறுநாள் நான் கடைக்குப் போய் இரும்பு ஸ்கேல் வாங்கி வந்தேன். அது எளிதில் ஒடியாது என்றுதான் வாங்கினேன்.

நாலாம் வகுப்புக்கு வந்த வருஷப் பண்டிகைக்கு, ஒன்பது வயதாகிவிட்டதே, பைபிள் சங்கீதங்களில் பெரிதாக ஒன்றைச் சொல்லட்டும் என்று தலைமையாசிரியை ஆசைப்பட்டார். நானும் சரி என்றேன். எட்டு வசனம். மூன்று வாரம், காலையும் மாலையும் அதுதான். நாலாவது வசனத்துக்கு மேல் போகவில்லை. ஐந்தாவதைச் சொல்லிக்கொடுத்தால் முதலாவது போய்விடும். நான் அடித்தேன், கன்னத்தைத் திருகினேன், ஒரு நாள் தலைமுடியைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தேன். அப்புறம் ஒன்று நடந்தது. அடிக்க ஓங்கினேன், அவள் ஸ்கேலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். வாங்கி, தன் தொடையில் தானே அடித்துக்கொண்டாள். அது ஒரு வழியாகிவிட்டது என்று எனக்கு நிம்மதிகூட வந்தது, என் கை வலி மிச்சம் என்று.

பண்டிகை நாளில் வெள்ளைக் கவுன் போட்டு மேடையேறினாள். இரண்டு வசனம் சொன்னாள். மூன்றாவதில் நின்றாள். பந்தலில் முந்நூறு பேர் இருப்பார்கள், அத்தனை பேரும் புன்னகையோடு காத்திருந்தார்கள். அவள் முன்வரிசையில் இருந்த என்னைத் தேடினாள். நான் கண்ணை உருட்டினேன். மடியில் இருந்த கையை லேசாக ஓங்கிக் காட்டினேன். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது.

"நீ அடிக்காண்டாம்மா. நானே அடிச்சிக்கிடுதேன்" என்று மைக்கில் சொன்னாள்.

சொல்லிவிட்டு அந்த மைக்காலேயே தன் நெற்றியில் அடித்தாள். ஒலிபெருக்கி தெரு முனை வரை கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு அடியும் அங்கே வரை கேட்டது. மூன்றோ நாலோ அடித்த பிறகுதான் யாரோ ஓடிப்போய்ப் பிடித்தார்கள். நான் இல்லை. புருவம் கிழிந்து ரத்தம் வெள்ளைக் கவுனில் வழிந்தது. வீட்டுக்காரர் பந்தி பரிமாறுகிற இடத்திலிருந்து கரண்டியோடு ஓடிவந்து அவளைத் தூக்கினார்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டூட்டி டாக்டர் சின்னப் பெண், என் மாணவி வயது. கவுனைக் கழற்றினாள். முதுகைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னொரு தடவ இந்தத் தழும்போட இவள நான் பாத்தா, உங்ககிட்ட பேச மாட்டேன். போலீஸ்கிட்டதான் பேசுவேன்" என்றாள். பழைய ஸ்கேனைப் பற்றி வீட்டுக்காரர் சொன்னதும், மதுரையில் மூளை பாதித்த பிள்ளைகளின் படிப்பையும் நினைவாற்றலையும் சோதிக்கிற உளவியல் நிபுணர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். நாலு வருஷத்தில் எங்களிடம் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று யாரும் சொல்லவில்லையா என்றால், சொன்னார்கள். பாளையங்கோட்டை டாக்டர் வருஷா வருஷம் கூட்டிவரச் சொல்லியிருந்தார். சுகமான பிள்ளையை எதற்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நான்தான் போகவில்லை. மறுபடி போனால் என் சாட்சி பொய்யாகிவிடாதா?

மதுரையில் அந்த நிபுணர் அம்மா இரண்டு காலை நேரம் அவளோடு உட்கார்ந்து படம், கட்டை, கதை என்று விளையாட்டுப்போலச் சோதித்தார். கடைசியில் அவள் கண்ணைக் கட்டினார். இடது கையில் சாவியை வைத்தார், சாவி என்றாள். நாணயத்தை வைத்தார், சொன்னாள். வலது கையில் அதே சாவியை வைத்தார். "ஒண்ணும் வைக்கலியே" என்றாள். சாவி உள்ளங்கையில் இருந்தது. அந்தக் கையில் உணர்ச்சி சரியாகத் திரும்பவில்லை என்றார் அந்த அம்மா. இரண்டு வருஷம் அந்தக் கையைத்தான் நான் அடித்தேன். நெஞ்சழுத்தம் என்று நினைத்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்ததும் அவர் பொறுமையாக விளக்கினார். ஐந்து வயதுக்குள் படித்த நடை, பேச்சு எல்லாம் திரும்பி வந்தன. ஆனால் ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மனசில் பிடித்துவைப்பது, திட்டம் போடுவது, கோபத்தை அடக்குவது எல்லாம் ஐந்து வயதில் யாருக்கும் முழுசாக இல்லை, பிறகு வளர்பவை. அவை வளர வேண்டிய இடத்தில் அடிபட்டிருப்பது வளர்கிற வயதில்தான் வெளியே தெரியும். சின்ன வகுப்பில் ஓடிய பிள்ளை பெரிய வகுப்பில் நிற்பது அதனால்தான். சோம்பல் இல்லை, திமிர் இல்லை. இவளால் படிக்க முடியும், மெதுவாக, சின்னத் துண்டு துண்டாக. ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். இடது கையால் எழுதட்டும். எவ்வளவு தூரம் வருவாள் என்று இப்போதே யாரும் சொல்ல முடியாது என்றார்.

அப்போதுதான் அந்த இரண்டு அடியைச் சொன்னேன். வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார், அவரும் அன்றைக்குத்தான் கேட்டார். நான்தானே காரணம் என்று கேட்டேன். "இல்ல. நீங்க அடிக்கறதுக்கு முன்னாடியே டம்ளர் விழுந்துட்டுல்லா. அது உங்களால வரல. ஆனா இந்த ரெண்டு வருஷ அடி இருக்கு பாருங்க, பயந்த மூளையில எதுவும் தங்காது. அதுக்கு நீங்கதான் பொறுப்பு" என்றார். ஆறுதலும் செருப்படியும் ஒரே வாயிலிருந்து வந்தன. இரண்டுமே சரிதான்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வாரம் இரண்டு நாள் சிறப்பாசிரியை ஒருவர் வருவார். மதுரை அறிக்கையோடு ஒரு படிவம் கொடுத்தால் மகளை அவரிடம் சேர்க்கலாம், பாடத்தைக் குறைக்கலாம், எழுதுவதற்குப் பதில் வாயால் கேட்கலாம். தலைமையாசிரியை கையெழுத்துப் போட வேண்டும். அவர் போட மாட்டேன் என்றார். மேடையில் நடந்தது பிள்ளைப் பயம், அவ்வளவுதான் என்றார். வகுப்பு டீச்சர் இன்னும் அவளைச் சோம்பேறி என்று பெஞ்சில் ஏற்றி நிறுத்திக்கொண்டிருந்தார். நான் மேஜையைத் தட்டிக் கத்தினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "சபைக்கு முன்னால பூரண சுகம்னு சொன்னது நானா? அத நம்பி எத்தன பேரு ஜெபிக்குதாங்க. சபைக்கு முன்னால சொன்னத சபைக்கு முன்னாலதான் மாத்தணும் டீச்சர்" என்றார். அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

எங்கள் சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம். அவரிடம் போய், சபைக்கு முன்னால் பேச ஐந்து நிமிஷம் கேட்டேன். விசுவாசக் குறைச்சல் என்று சனங்கள் பேசுவார்களே என்று தயங்கினார். அவர்கள் பேசட்டும், என் பிள்ளை அடி வாங்கக் கூடாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் கூப்பிட்டார். மகள் இடது கையால் என் சேலையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

எழுதி எடுத்துக்கொண்டு போனதை மடித்துவிட்டேன். "எம் பிள்ளைக்குப் பூரண சுகம் இல்ல" என்றேன். "ஆண்டவரு உயிரக் குடுத்தாரு, நடையக் குடுத்தாரு. மிச்சத்த நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யக் காப்பாத்தத்தான் இவள ரெண்டு வருசமா அடிச்சேன். இவ சோம்பேறி இல்ல. இவளுக்கு மூளையில அடிபட்டிருக்கு. இனிமே யாரும் இவள மேடையில ஏத்தாதிய, பெஞ்சிலயும் ஏத்தாதிய." பால் சிந்திய காலையையும் சொன்னேன். பின்வரிசையில் ஒரு அம்மா மைக்கை வாங்கச் சொல்லிச் சத்தம் போட்டார். இன்னொருவர் எழுந்து வெளியே போனார். தலைமையாசிரியை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அது மறுநாள்.

அன்றைக்கு ஐயர் நல்ல மனுஷன், இதை ஜெபத்தோடு நல்லபடியாக முடித்துவைக்க ஆசைப்பட்டார். குனிந்து பிள்ளையின் தலையைத் தடவி, "அம்மாவ மன்னிச்சிட்டியா பாப்பா?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். ஐயர் அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பத்தைத் தாண்டிவிட்டது. எது கேட்டாலும் அடிக்குப் பயந்து சரி சரி என்று தலையாட்டுகிற பிள்ளை அவள்.

"இன்னும் இல்ல" என்றாள்.

எனக்கு வலியும் இருந்தது, இவளாக யோசித்து இவளாக ஒரு பதில் சொல்லிவிட்டாளே என்ற சந்தோஷமும் இருந்தது. நியாயமான பதில். கீழே இறங்கிப் பெண்கள் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளும் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள், நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு.